அம்மாவின் நாள்பட்ட இடுப்பு வலி: கோலாலம்பூரில் எங்கே, எப்படித் துணை தேடுவது?

செந்தூலில் வசிக்கும் ஒரு மகளின் கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு வயது 56. நான்கு ஆண்டுகளாக இடுப்பில் தொடங்கி வலது கால் வழியே இறங்கும் வலியோடு இருக்கிறார், நீரிழிவும் உண்டு, இரவில் இரு பாதங்களும் எரிகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதப்பட்டிருக்கிறது. தனியார் கிளினிக்குகளில் ஊசியும் மாத்திரையும், வீட்டில் தைலமும் உருவிவிடுதலும் பார்த்தாகிவிட்டது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்யும் அம்மா, அடிக்கடி எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்க வேண்டியிருப்பதால் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார். அப்பா அவரைக் கட்டிலை விட்டு எழவிடுவதில்லை. அண்ணனோ, படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லையென்று டாக்டரே சொல்லிவிட்ட பிறகு இதெல்லாம் நடிப்பு என்கிறார். எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் வலி முழுமையாகத் தீரும் என்று மகள் கேட்கிறார்.

முழுமையாகத் தீர்த்துத் தருகிறோம் என்று உறுதி சொல்லும் எந்த இடத்தையும் உங்களுக்குக் காட்ட என்னால் இயலாது. அப்படி உறுதி சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். ஆனால் இன்னும் ஓராண்டில் உங்கள் அம்மா இப்போதைவிட நன்றாகத் தூங்கி, கூடுதல் தூரம் நடந்து, மாத்திரைகளைக் குறைத்து, வேலையிலோ வீட்டிலோ தாம் விரும்பியதைச் செய்துகொண்டிருக்க முடியும் என்று நம்புவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நான் பிசியோதெரபிஸ்டாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். உங்கள் அம்மாவை நேரில் பரிசோதிக்கவில்லை. ஆகவே இங்கே சொல்வது மருத்துவரின் இடத்தை நிரப்பாது. எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பதற்கு இது வழிகாட்டும்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடைகளின் உட்புறமும் மரத்துப் போனாலோ, கால் பலமிழந்து பாதம் தொங்கினாலோ, பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு கூடிய முதுகு வலி, காரணமில்லாமல் உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, விழுந்த பின் தொடங்கிய கடும் வலி ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை. நம் நாட்டில் காசநோய் இன்னும் இருக்கிறது, அது முதுகெலும்பையும் தாக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். இவற்றுள் எதுவும் இல்லையென்றால் மட்டுமே மேற்கொண்டு நான் சொல்வது பொருந்தும்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வரையறுக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதற்கெனத் தனிக் குறியீடுகளையே ஒதுக்கியிருக்கிறது. இன்னொரு நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்கப்பட்ட வலி, தானே ஒரு நோயாகவும் இருக்கக்கூடும் என்பது இன்று ஏற்கப்பட்ட செய்தி. கையைச் சுட்டுக்கொண்டால் வரும் வலி நம்மைக் காப்பாற்றுகிறது; புண் ஆறியதும் அது போய்விடும். மாதக்கணக்கில் நீளும் வலியில் நடப்பது வேறு. தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகள் காலப்போக்கில் அதிக உணர்திறன் பெற்றுவிடுகின்றன. முன்பு வலியே தராத சிறு அசைவும் இப்போது வலிக்கிறது. காயத்திலிருந்து மூளைவரை வலி ஒரே அளவில் அப்படியே போவதில்லை, தண்டுவடத்திலேயே அது கூட்டவோ குறைக்கவோ படுகிறது என்ற கருத்தை மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இலேயே முன்வைத்தார்கள். தூக்கமின்மை, பயம், கவலை, தனிமை ஆகியவை வலியைக் கூட்டுவதும், நல்ல தூக்கமும் உடல் அசைவும் மன நிம்மதியும் அதைக் குறைப்பதும் இந்த வழியில்தான். வலி கற்பனை என்று இதற்குப் பொருள் இல்லை. நரம்பு மண்டலத்தில் உண்மையாகவே நடக்கும் மாற்றம் இது. ஆனால் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாது.

அந்தப் படத்தைப் பற்றி உங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமுறை சேர்ந்து பேச வேண்டும் என்று நினைக்கிறேன். முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. டிஸ்க் தேய்மானமோ 20 வயதில் 37 விழுக்காடு, 80 வயதில் 96 விழுக்காடு. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே "டிஸ்க் பிதுங்கிவிட்டது" என்ற சொல்லைக் கேட்டு முதுகு உடைந்துவிட்டதுபோல் அப்பா அஞ்சுவதும் சரியில்லை, "படத்தில் பெரிதாக இல்லை" என்ற சொல்லை வைத்து அம்மா நடிக்கிறார் என்று அண்ணன் முடிவு கட்டுவதும் சரியில்லை. இருவரும் படத்தையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அம்மாவை. அம்மா எவ்வளவு நேரம் நிற்கிறார், எத்தனை முறை இரவில் விழிக்கிறார், எந்த வேலையை விட்டுவிட்டார் என்பவைதாம் வலியின் உண்மையான அளவுகோல்கள்.

அண்ணனிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வலி உள்ளவர் நம்பப்படாதபோது அவருடைய நாளின் பெரும்பகுதி தம் வலியை மெய்ப்பிப்பதிலேயே கழிகிறது. இன்று கொஞ்சம் சிரித்து நடந்தால் "பார்த்தாயா, சரியாகத்தானே இருக்கிறாய்" என்ற பேச்சு வரும் என்பதால், நல்ல நாள்களிலும் அவர் தம்மை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார். இப்படி நம்ப மறுப்பது அம்மாவை மேலும் முடக்குகிறது. நம்புவதற்குச் செலவு ஏதும் இல்லை. சிகிச்சையின் முதல் படியே அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அப்பாவின் அன்பு வேறொரு வகையில் சிக்கலாகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். ஒருமுறை குனிந்தபோது பிடித்துக்கொண்ட முதுகும் அப்படித்தான் குனியவே அஞ்சும். அஞ்சி அசையாமலிருந்தால் தசைகள் மெலிந்து மூட்டுகள் இறுகும். பிறகு சிறு வேலைக்கே வலி கூடும். அந்த வலி அச்சத்தை உறுதிப்படுத்தும். படுக்கை ஓய்வு, திடீரென வலி கூடிய ஓரிரு நாளைக்கு உதவலாமே தவிர, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தாகாது. அப்பா உதவ விரும்பினால் காலையில் அம்மாவோடு அடுக்குமாடியின் கீழே பத்து நிமிடம் நடக்கட்டும். கட்டிலுக்கே எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுப்பதைவிட அது பெரிய பணிவிடை.

இனி மருத்துவத்துக்கு வருகிறேன். உங்கள் விவரத்தைப் படிக்கும்போது அம்மாவுக்கு இரண்டு வேறு வலிகள் இருக்கலாம் என்று தோன்றுகிறது. இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் இறங்குவது முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேரைச் சேர்ந்ததாக இருக்கலாம். இரு பாதங்களிலும் இரவில் எரிச்சல் என்பது நீரிழிவினால் நரம்புகள் பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு டிஸ்க் காரணமாக இருக்காது, டிஸ்க்குக்கான ஊசியும் அதைத் தொடாது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் சமூகத்தில் பாத எரிச்சலை "உடம்புச் சூடு" என்று இளநீரோடும் வெந்தயத்தோடும் கடந்துவிடுகிறவர்கள் ஏராளம். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனை, பாதங்களில் உணர்ச்சிப் பரிசோதனை, சிறுநீரகச் செயல்பாடு, வைட்டமின் பி12 அளவு ஆகியவற்றைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவதுண்டு. அந்தக் குறையும் பாதங்களில் எரிச்சலைத் தரும், அதைச் சரிசெய்யவும் முடியும்.

மருத்துவரிடம் வலியைச் சொல்லும் முறையும் முக்கியம். பத்து நிமிடச் சந்திப்பில் "உடம்பெல்லாம் வலி" என்று சொன்னால் பனடோல் (பாராசிட்டமால்) கிடைக்கும். எங்கே தொடங்கி எங்கே போகிறது, குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா, மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று இழுக்கிறதா, மரத்துப் போகிறதா, உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா என்று இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் எழுதிவையுங்கள். எரிச்சலும் மரத்துப்போதலும் மின்சாரப் பாய்ச்சலும் நரம்பு வலியைச் சுட்டும். அதற்கான மருந்துகள் வேறு. அம்மாவுக்கு மலாய் மொழியில் இதைச் சொல்வது கடினமென்றால் நீங்கள் உடன் செல்லுங்கள், ஆனால் முதலில் அவரையே பேசவிடுங்கள்.

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், கபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் பயன்படுபவை. மருந்துப் பெட்டியிலுள்ள தாளைப் படித்துவிட்டு "எனக்குப் பைத்தியம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்" என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அமிட்ரிப்டிலினை நரம்பு வலிக்குப் பெரும்பாலும் 10 அல்லது 25 மில்லிகிராம் என்ற சிறு அளவில் இரவில் தொடங்குவார்கள்; வலிச் செய்தியை அடக்கும் நரம்பு வழிகளில் அது வேலை செய்கிறது, தூக்கத்துக்கும் உதவுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். எல்லோருக்கும் பலிக்காது, பலித்தாலும் வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல விளைவு. வாய் உலர்தல், மயக்கம் போன்றவை வந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

வோல்ட்டரன், போன்ஸ்டன், ஆர்கோக்சியா வகை வலி, வீக்க நிவாரண மாத்திரைகளைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். வெவ்வேறு கிளினிக்குகளில் வெவ்வேறு பெயர்களில் கிடைப்பதால் ஒரே வகை மாத்திரையை இரண்டு மூன்றாகச் சேர்த்து விழுங்குவது எளிதாக நடந்துவிடுகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் உண்டாக்கும், இதயத்துக்கும் ஆபத்து. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டுங்கள். பனடோல்கூட, 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கு அதிலும் குறைவு.

அதைவிட ஆபத்தானது, பெயர் தெரியாத வலி நிவாரணப் பொடிகளும் ஜாமு எனப்படும் மூலிகைக் குளிகைகளும். உண்ட மறுநாளே வலி பறந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் யாராவது புகழ்ந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். டெக்சாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த பொருள்களைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை எகிறவைக்கும், எலும்பை மெலியவைக்கும், முகத்தை ஊதவைக்கும். நெடுநாள் எடுத்தபின் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அம்மா அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் திட்டாமல் கேளுங்கள், பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். பதிவு பெற்ற மருந்துகளில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும்.

மரபு மருத்துவத்தை நான் ஒதுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மரபு, இணை மருத்துவச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றையும் இந்திய மரபு மருத்துவம் என்ற பிரிவில் வைத்திருக்கிறது. வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்த்தல், கோடாலித் தைலம் எல்லாம் சிறிது நேரம் ஆறுதல் தரும். தொடுகையும் கதகதப்பும் வலியைத் தணிப்பது உண்மை. இரண்டு எச்சரிக்கைகள் போதும். பாதங்களில் உணர்ச்சி குறைந்தவருக்கு வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைக்கக் கூடாது, வெந்துபோவது தெரியாது. முதுகெலும்பை நெரித்து உடைப்பதுபோல் சுளுக்கு எடுப்பவர்களிடம் அழைத்துப் போக வேண்டாம்.

எங்கே போவது என்பதற்கு வருவோம். தனியார் கிளினிக்கிலிருந்து தனியார் கிளினிக்குக்கு மாறிக்கொண்டிருப்பதை நிறுத்தி, வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். நிபுணர் பிரிவில் 5 ரிங்கிட். நீரிழிவு, இரத்த அழுத்தம், வலி மூன்றையும் ஒரே கோப்பில் ஒரே இடம் பார்ப்பதன் பயன் பெரிது. அங்கிருந்தே பிசியோதெரபிக்கும் எலும்பியல் அல்லது வலிச் சிகிச்சைப் பிரிவுக்கும் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். தனியார் மருத்துவரின் கடிதத்தோடும் போகலாம், முதல் சந்திப்புக்குக் கட்டணம் கூடும்.

வலி கிளினிக் என்று தனியாக இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. மயக்கவியல் (மயக்க மருந்து) நிபுணர்கள் நடத்தும் இப்பிரிவுகள் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. உங்களுக்கு அருகில் செலாயாங் மருத்துவமனை இருக்கிறது. பத்துமலைக்குப் பக்கம்தான், செந்தூலிலிருந்து கம்யூட்டர் ரயிலில் வந்து கிராப் வாடகைக் கார் பிடித்தால் அம்மாவுக்கு அலைச்சல் குறைவு. மருந்து, நரம்புத் தடுப்பு ஊசி ஆகியவற்றோடு, மெனாங் என்ற பெயரில் இரண்டு வாரக் குழுப் பயிற்சியை நடத்தி இந்நாட்டில் முன்னோடியாக விளங்கிய இடம் அது. மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் சேர்ந்து, உடற்பயிற்சி, வேலையைப் பகுத்துச் செய்தல், வலியைக் குறித்த எண்ணங்களைக் கையாளுதல், மருந்துகளைக் குறைத்தல் ஆகியவற்றைக் கற்றுத் தருவார்கள். வலிச் சிகிச்சை நிபுணர் டாக்டர் மேரி கார்டோசாவும் அவர் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இப்பயிற்சி முடித்தவர்களுக்குக் கிடைத்த நன்மை ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்ததைக் காட்டியது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, மேலை நாட்டவர்க்கே பொருந்தும் என்று சிலர் ஐயப்பட்ட முறை மலேசிய நோயாளிகளிடமும் பலித்தது என்பதே. இப்போது எந்த வடிவில், எந்த மொழியில் நடக்கிறது என்பதைப் பரிந்துரைக் கடிதம் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் வலி கிளினிக் உண்டு. ஹோஸ்பிஸ் மலேசியாவை அழைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. செராஸிலுள்ள அந்த அமைப்பு, முற்றிய புற்றுநோய் போன்ற உயிருக்கு ஆபத்தான நோயுள்ளவர்களை வீட்டில் சென்று பார்ப்பது. அம்மாவின் நிலைக்கு அது பொருந்தாது.

அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்ற கேள்வியும் உங்கள் மனத்தில் இருக்கும். கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, காலில் இறங்கும் கடும் வலிக்கும் படத்தில் அழுத்தப்படும் நரம்புக்கும் தெளிவான பொருத்தம் இருந்தாலோ அது பயன்படும். இடுப்பில் மட்டும் உள்ள நாள்பட்ட வலிக்கு அதன் பயன் குறைவு. முதுகெலும்பில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் நிவாரணம் தரும்; அந்த வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் ஊசி வீண். ஊசிக்குப்பின் சர்க்கரை சில நாள் ஏறும் என்பதையும் கவனியுங்கள்.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். வலி குறைந்த நாளில் வீடு முழுவதும் கூட்டித் துடைத்து, துணி துவைத்து, தோசைக்கும் அரைத்துவிடுவார்கள். மறுநாளிலிருந்து மூன்று நாள் எழ முடியாது. எழுந்ததும் மீண்டும் அதே கதை. இந்த ஏற்ற இறக்கமே உடலைக் களைக்கவைத்து அச்சத்தை வளர்க்கிறது. மாற்று வழி, வலி சொல்லும்வரை செய்யாமல் கடிகாரம் சொல்லும்வரை செய்வது. அம்மா சமையலறையில் நின்று வேலை செய்யும்போது வலி நன்றாகக் கூடும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று மூன்று நாள் பாருங்கள். 25, 15, 20 நிமிடங்கள் என்று வந்தால் சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 16 நிமிடத்தில் தொடங்குங்கள். நன்றாக இருந்தாலும் 16 நிமிடத்தில் உட்கார வேண்டும், வலித்தாலும் இயன்றவரை 16 நிமிடம் முடிக்க வேண்டும். ஒரு வாரம் நிலைத்தபின் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். நடைக்கும் உட்காருவதற்கும் இதே கணக்கு. நல்ல நாளில் நிறுத்துவதுதான் அம்மாவுக்கு மிகக் கடினமாக இருக்கும். அங்கேதான் நீங்கள் உடனிருக்க வேண்டும்.

எந்த உடற்பயிற்சி சிறந்தது என்று தேடி நாளைக் கழிக்க வேண்டாம். தொடர்ந்து செய்யக்கூடியதே சிறந்தது. இடுப்பு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பிவர இடைநிலையாக 208 நாள் ஆனது. செய்யாதவர்களுக்கு 112 நாள். அம்மாவின் நிலை அவர்களுடையதைவிடச் சிக்கலானது, ஆனாலும் நடையின் பாதுகாப்பையும் பயனையும் அது காட்டுகிறது. தித்திவாங்சா ஏரிப் பூங்காவின் பாதை சமமானது, உட்கார இருக்கைகளும் உண்டு. பாதம் மரத்தவர் என்பதால் செருப்பைத் தவிர்த்துச் சரியான காலணியும் காலுறையும் அணிய வேண்டும். திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு என்ன ஆசை என்று கேட்டீர்களா? "வலி போக வேண்டும்" என்பதைத் தாண்டி ஒன்று இருக்கும். பேரனைத் தூக்குவது, கோயிலில் ஒரு பூசை முடியும்வரை இருப்பது, தைப்பூசத்துக்குப் பத்துமலை போவது எதுவானாலும் சரி. 272 படிகளும் உடனே வேண்டாம். முதல் ஆண்டு அடிவாரத்தில் முருகனை வணங்கித் திரும்புவது, பிறகு கூட்டமில்லாத நாளில் இருபது படி, இடையில் ஓய்வு என்று பகுத்துக்கொள்ளலாம். இத்தகைய இலக்கு இல்லாத பயிற்சி இரண்டாவது வாரத்திலேயே கைவிடப்படும்.

மனத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வலி கிளினிக்கில் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு ஆண்டு தூங்காமல் வலித்தால் யாருக்கும் மனம் தளரும். அம்மா பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டை வெறுத்தால், "நான் இருந்து என்ன பயன்" என்றால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. கேட்டால்தான் வெளியே வரும். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநலத் தொலைபேசிச் சேவையும், கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் இருக்கின்றன. தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று அழைக்கும்போதே கேட்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டிய நிலை இல்லை.

வேலையை உடனே விட வேண்டாம் என்பது என் ஆலோசனை. வருமானத்தோடு, வெளியே போவதும் தோழிகளோடு பேசுவதும் சேர்ந்தே போய்விடும். வலிக்கு வீட்டில் காவல் இருப்பது மட்டுமே மிஞ்சும். ஆண்டுக்கு 14, 18, 22 நாள் என்று பணிக்காலத்தைப் பொறுத்துச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு வேலைச் சட்டத்தில் உண்டு. எடை தூக்கும் வேலையைக் குறைத்து, துடைப்பம் பிடிக்கும் வேலையையும் உட்கார்ந்து செய்யும் வேலையையும் மாற்றி மாற்றித் தர மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்வாரா என்று மருத்துவரின் கடிதத்தோடு கேளுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குச் சந்தா பிடிக்கப்படுகிறதா என்பதைச் சம்பளச் சீட்டில் உறுதிசெய்யுங்கள். வலி வேலையிடத்தில் விழுந்ததால் தொடங்கியிருந்தால் அது வேலை விபத்து. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது. வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாத நிரந்தர இயலாமை என்றால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2007 முதல் சொக்சோ நடத்திவரும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தின் மூலம் மறுவாழ்வுப் பயிற்சியும் கிடைக்கும். வேலையை விட்ட பிறகு கேட்பதைவிட, விடுவதற்கு முன்பே சொக்சோ அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. சமூக நலத் துறையின் மாற்றுத்திறனாளி அட்டைக்கு வலி மட்டும் தனி வகையாக இல்லை. உடலியக்கம் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை மருத்துவர் மதிப்பிட்டால்தான் உடல் குறைபாடு என்ற பிரிவில் வழியுண்டு.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவைக் கவனிப்பது மகளின் பொறுப்பு என்று வீடே ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை உங்களுக்கு வேண்டும். அன்று அண்ணன் இருக்கட்டும். வீட்டில் நாள் முழுவதும் "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருப்பதைக் குறைத்து, இன்று என்ன செய்ய முடிந்தது என்று கேளுங்கள். வலி திடீரென ஏறும் நாள்களுக்கென ஒரு திட்டத்தை முன்பே எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்: எந்த மாத்திரை, எத்தனை, ஒத்தடம் எங்கே, நடையை எவ்வளவு குறைப்பது (முழுவதும் நிறுத்தாமல் பாதியாக), எத்தனை நாளுக்குப்பின் மருத்துவரை அழைப்பது. வலிக்கும்போது யோசிக்க முடியாது. அப்போது தாள் உதவும்.

வலி கிளினிக்கில் நாள் கிடைக்கப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகலாம். அதற்குள் நோட்டு, மாத்திரைப் பை, சர்க்கரைப் பரிசோதனை, 16 நிமிடக் கணக்கு ஆகிய நான்கையும் தொடங்கிவிட முடியும். சந்திப்பு நாள் வந்ததும் அண்ணனையும் உடன் அழைத்துப் போங்கள். மருத்துவர் அம்மாவிடம் கேட்கும் கேள்விகளையும் அம்மா சொல்லும் பதில்களையும் அவரும் அருகில் உட்கார்ந்து கேட்கட்டும்.